களப்பிரருக்கு உறவு யார்?

கூடல் மாநகரான மதுரையின் வீதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் போய்க்கொண்டிருந்தான். ஒருவர் குரலெடுத்து முறையிட்டார். முன்னாளில் ஒரு பாண்டியன் தம் முன்னோருக்குக் கொடுத்த ஊர் பறிபோய்விட்டது, அதை மீட்டுத் தர வேண்டும் என்பது அவருடைய முறையீடு. முறையிட்டவர் காமக்காணி நற்சிங்கன். கேட்ட ஊர் வேள்விக்குடி. அரசன் சினம் கொள்ளவில்லை. முறுவலித்தபடி, உன் உரிமை பழையது என்று நாட்டாரைக் கொண்டு மெய்ப்பித்துப் பெற்றுக்கொள் என்றான். அவர் மெய்ப்பித்தார், ஊர் திரும்பக் கிடைத்தது. கி.பி. 770-ஐ ஒட்டி நடந்த இந்தக் காணி வழக்கின் தீர்ப்புத்தான் வேள்விக்குடிச் செப்பேடு. வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் வெட்டப்பட்டது.

வேள்விக்குடி பாகனூர்க் கூற்றத்து ஊர். வைகைக் கரையில் சோழவந்தானைச் சுற்றியுள்ள வயல்வெளிதான் அந்தக் கூற்றம். மதுரைக்காரர்களுக்கு நன்கு பழகிய, வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பேர்போன மண்.

அந்த ஊர் எப்படிக் கைமாறியது என்று செப்பேடு விவரிக்கும் இடத்தில்தான் தமிழக வரலாற்றின் மிகப் பெரிய புதிர் தலைகாட்டுகிறது. புறநானூற்றுப் புலவர்கள் பாடிய பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, கொற்கைகிழான் நற்கொற்றன் செய்த வேள்விக்காக அந்த ஊரைக் கொடுத்தான். பின்னர், எண்ணற்ற அரசர்களை விலக்கிவிட்டுக் களப்பிரன் என்னும் 'கலியரசன்', அதாவது கலிகாலத்துக் கெட்ட அரசன், நாட்டைக் கைப்பற்றினான். ஊரும் போயிற்று. அதன் பிறகு கடலிலிருந்து கதிரவன் எழுவதுபோல் பாண்டியன் கடுங்கோன் தோன்றி நாட்டை மீட்டான். கடுங்கோனிலிருந்து நெடுஞ்சடையன் வரை ஏழு அரசர்களைச் செப்பேடு வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் கடுங்கோன் ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் வந்து நிற்கிறான். முதுகுடுமி சங்க காலத்தவன். இடையில் சுமார் முந்நூறு ஆண்டுகள். அந்தப் பெரும் பள்ளத்தை நிரப்ப வேள்விக்குடிச் செப்பேடு தருவது ஒரே ஒரு பெயர்தான்.

யார் இந்தக் களப்பிரர்? எங்கிருந்து வந்தார்கள்? முன்னும் பின்னும் நமக்குத் தெரிந்த எந்த மக்களோடு அவர்களுக்கு உறவு? நூறாண்டுகளாக அறிஞர்கள் இதற்கு விடை சொல்லி வருகிறார்கள். வேங்கடத்துக் கள்வர் என்றார் ஒருவர். முத்தரையர் என்றார் இன்னொருவர். கன்னட நாட்டவர் என்றார் வேறொருவர். வேளாளரில் ஒரு பிரிவான களப்பாளர் என்ற கருத்தும் உண்டு. விடைகள் வேறுபட்டாலும் அவற்றுக்கெல்லாம் வேர் ஒன்றுதான்: பெயர் ஒலிக்கும் விதம்.

பெயரை வைத்து உறவு சொல்வது எவ்வளவு தூரம் சரி? இந்தக் கேள்வி தமிழகத்துக்கு மட்டும் உரியதல்ல. இதே வழக்கு இன்னும் பெரிய பரப்பில் நடந்துவரும் இடம் வடகிழக்கு ஆசியா.

கி.மு. 209-ல் மோது என்பவன் தன் தந்தையைக் கொன்று சியோங்நு மக்களின் தலைவனானான். கிழக்கே இருந்த தோங்ஹு மக்களை முறியடித்து, மங்கோலியப் புல்வெளியைத் தன் குடைக்கீழ்க் கொண்டுவந்தான். கி.மு. 200-ல் சீனாவின் ஹான் பேரரசரையே ஒரு மலையில் வைத்து முற்றுகையிட்டான். முந்நூறு ஆண்டுகள் சீனத்துக்குத் தூக்கம் தராத மக்கள் அவர்கள். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்த எழுத்துச் செய்தி ஏறத்தாழ முழுவதும் அவர்களுடைய எதிரிகளான சீனர்கள் எழுதியது. அந்தப் பெயரை எழுதச் சீனர்கள் தேர்ந்த எழுத்துகளில் ஒன்றுக்கே 'அடிமை' என்று பொருள்.

இன்னொரு மக்கள் ஜுர்ச்சென். மஞ்சூரியக் காடுகளிலிருந்து வந்தவர்கள். 1115-ல் அகுதா என்ற தலைவன் சின் அரசை நிறுவினான். 1127-ல் அவர்கள் சோங் பேரரசின் தலைநகரான கைஃபெங்கைப் பிடித்துப் பேரரசரையே சிறைகொண்டு போனார்கள். 1234-ல் மங்கோலியர் அந்த அரசை அழித்தார்கள். நானூறு ஆண்டுகள் கழித்து, 1635-ல், ஹாங் தைஜி தம் மக்களை இனி ஜுர்ச்சென் என்று அழைக்கக் கூடாது, மஞ்சு என்றே அழைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். சீனத்தின் கடைசி அரச மரபு இந்த மஞ்சுக்களுடையது.

சீன எல்லைக்கு வடக்கே இருந்தவர்கள், வில்லும் குதிரையும் வல்லவர்கள், சீனரால் காட்டு மக்கள் என்று எழுதப்பட்டவர்கள். ஆகவே இருவரும் ஒரே கொடியின் காய்கள் என்ற எண்ணம் எளிதில் எழுந்துவிடுகிறது. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. ஜுர்ச்சென் பேசியது துங்கூசிய மொழி. சீனப் பதிவுகள் அவர்களின் முன்னோராகக் காட்டுவது மோஹே என்ற மக்களை. அவர்களுக்கு முன் யிலோ, அதற்கும் முன் சுஷென். இவர்கள் காட்டோரத்தில் பன்றி வளர்த்து, பயிரிட்டு, கல்முனை அம்புகளோடு வேட்டையாடியவர்கள். சியோங்நு மக்களோ ஆடு, மாடு, குதிரைகளை ஓட்டிக்கொண்டு புல்வெளியில் அலைந்தவர்கள். அவர்கள் மொழியில் சீன ஏட்டில் ஒட்டிக்கொண்ட சில சொற்களே எஞ்சியிருப்பதால், அது துருக்கிய இனமா, மங்கோலிய இனமா, சைபீரியாவின் யெனிசெய் இனமா என்று இன்றும் முடிவாகவில்லை. சியோங்நு பேரரசு ஓங்கியிருந்த காலத்துக்கும் அகுதாவின் காலத்துக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. அண்டை நிலத்தில் வாழ்ந்தார்கள் என்பதைத் தவிர, நேரடி வழித்தோன்றல் என்று சொல்ல இதுவரை எதுவும் கிடைக்கவில்லை.

அங்கே கிடைத்திருக்கும் ஒரு செய்தி மட்டும் களப்பிரரைத் தேடுபவர் மறக்கக் கூடாதது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் ஹான் படைகள் வடக்குச் சியோங்நுவை முறித்தன. அப்போது எஞ்சிய ஒரு லட்சம் குடும்பங்கள் தங்களைச் சியென்பெய் என்று அழைத்துக்கொண்டதாகப் பிற்கால ஹான் வரலாறு சொல்கிறது. சியென்பெய் யார்? மோது முறியடித்த தோங்ஹுவின் வழிவந்தவர்கள். வென்றவனின் மக்கள், தோற்றவனின் வாரிசுகளுடைய பெயரைத் தாங்கிக்கொண்டார்கள். ஆட்கள் அவர்களே, பெயர் வேறு. மங்கோலியாவின் சியோங்நு புதைகுழிகளில் அண்மையில் செய்த மரபணு ஆய்வுகளும், கிழக்கு, மேற்கு எனப் பல திசைகளில் வேர் கொண்ட கலப்பு மக்களையே காட்டுகின்றன. சியோங்நு என்பது ஓர் ஆட்சியின் பெயர். அதன் குடைக்கீழ் வந்தவர்கள் எல்லாருக்கும் அது பெயராயிற்று.

அப்படியானால் பெயர் எதற்கும் உதவாதா? உதவும், துணைச் சான்று இருந்தால். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் தெகின் என்ற பிரெஞ்சு அறிஞர், ஐரோப்பாவைக் கலக்கிய ஹூணரும் சீனரின் சியோங்நுவும் ஒன்றே என்றார். வெறும் ஊகம்தான். 1907-ல் ஆரல் ஸ்டைன் துன்ஹுவாங் அருகே ஒரு காவல் கோபுரத்தின் இடிபாட்டில் மத்திய ஆசியாவின் சோக்தியானா வணிகர்கள் எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்தார். அவற்றில் ஒன்று, நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோயாங் நகரைச் சூறையாடியவர்களை 'ஹூண்' என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. சூறையாடியவர்கள் சியோங்நு என்பது சீன ஏடுகளில் பதிவான செய்தி. 1948-ல் ஹென்னிங் என்ற அறிஞர் இதை எடுத்துக்காட்டியபோது ஊகத்துக்கு முதல் முறையாகக் கால் முளைத்தது. சண்டையில் பங்கில்லாத ஒரு மூன்றாம் ஆள், சம்பவம் நடந்த காலத்திலேயே, அதே ஆட்களுக்கு அதே பெயரை எழுதியிருக்கிறான். அப்போதும் பெயர் ஒன்று என்பதுதான் உறுதி. ஹூணர் தலைவன் அட்டிலாவின் படை மோதுவின் பேரப்பிள்ளைகளா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

களப்பிரர் விஷயத்தில் அப்படி ஒரு கடிதம் நமக்கு உண்டா?

முதலில் எதிரிகளின் குரல்களைப் பார்த்துவிடலாம். பாண்டியரின் செப்பேடு மட்டுமல்ல, பல்லவரின் காசாக்குடிச் செப்பேடும் களப்பிரரைச் சொல்கிறது. சிம்மவிஷ்ணு வென்றவர்களின் பட்டியலில் சோழர், பாண்டியர், கேரளர், சிங்களரோடு களப்பிரரும் நிற்கிறார்கள். பாதாமிச் சாளுக்கியர்களும் ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில் தாம் அடக்கியவர்களின் வரிசையில் களப்பிரரைச் சேர்த்துக்கொண்டார்கள். கடுங்கோன் ஒரே அடியில் களப்பிரரைப் பூண்டோடு ஒழித்தான் என்று பள்ளிப்பாடத்தில் படித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவனுக்கு நூறாண்டு கழித்தும், எங்கோ ஒரு மூலையில், வென்றதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அவர்கள் இருந்திருக்கிறார்கள்.

எதிரியல்லாத குரல் ஒன்று பாலி மொழியில் இருக்கிறது. புத்ததத்தர் என்ற பௌத்தத் துறவி ஐந்தாம் நூற்றாண்டில் சோழ நாட்டில் வாழ்ந்தவர். காவிரிக்கரைப் பூதமங்கலத்து விகாரையில் இருந்து 'விநயவிநிச்சயம்' என்ற நூலை எழுதினார். நூலின் முடிவில், களப்ப குலத்தில் வந்த அச்சுதவிக்கந்தன் ஆட்சியில் இதை எழுதினேன் என்று குறிக்கிறார். அந்தக் குடிப்பெயர் சில ஏடுகளில் களம்ப என்றும் காணப்படுகிறது. நம்முடைய சோக்தியானாக் கடிதம் இதுதான். களப்பிரர் ஆண்ட காலத்திலேயே, அவர்களிடம் பகை இல்லாத ஒருவர், பெயரோடும் ஊரோடும் எழுதியது. அந்தப் பெயரைக் கவனியுங்கள்: அச்சுதன். திருமாலின் பெயர் கொண்ட அரசன் ஆட்சியில் பௌத்தத் துறவி நூல் எழுதுகிறார். களப்பிரர் சமணர், வைதிகத்தின் பகைவர் என்று ஒற்றை வரியில் முடிப்பவர்களுக்கு இந்த இடத்திலேயே கால் இடறும். யாப்பருங்கல விருத்தி எடுத்துக்காட்டும் பழைய பாடல்களிலும் அச்சுதன் என்ற அரசன் வருகிறான். அவனும் இவனும் ஒருவனா என்பதற்கு மறுபடியும் பெயர் மட்டுமே சாட்சி.

இனி நான்கு விடைகளுக்கு வருவோம்.

வரலாற்றறிஞர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் சொன்னது வேங்கடத்துக் கள்வர். அகநானூறு, வேங்கடத்தை ஆண்ட புல்லி என்பவனைக் கள்வரின் தலைவன் என்கிறது. வடக்கே நெருக்குதல் வந்தபோது இந்தக் கள்வர் தெற்கே இறங்கி மூவேந்தரையும் வீழ்த்தினார்கள், 'கள்வர்' என்பதே வடமொழியில் 'களப்ர' ஆயிற்று என்பது வாதம். கவர்ச்சியான வாதம், நிலமும் காலமும் ஓரளவு பொருந்துகின்றன. ஆனால் திருப்பதி மலைக்கும் மதுரைக்கும் இடையே 400 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிறது. அந்தப் பயணத்தைச் சொல்லும் ஒரு கல்வெட்டுகூட வழியில் இல்லை. 'வ்' எப்படி 'ப்ர்' ஆகும் என்பதற்கும் தெளிவான விடை இல்லை.

முத்தரையர் கருத்தை முன்வைத்தவர் டி.ஏ. கோபிநாத ராவ். இதற்கு இரண்டு தாங்குகோல்கள். நாலடியாரில் இரண்டு பாடல்களில் பெருமுத்தரையர் வருகிறார்கள். நாலடியாரோ மதுரைச் சமணத் துறவிகளோடு சேர்த்துப் பேசப்படும் நூல். அடுத்தது செந்தலைத் தூண் கல்வெட்டுகள். அவற்றில் எட்டாம் நூற்றாண்டு முத்தரையர் தலைவன் சுவரன் மாறனுக்குக் 'கள்வர் கள்வன்' என்ற பட்டம் இருக்கிறது. கள்வர், களப்பிரர், முத்தரையர் மூன்றும் ஒன்றாகிவிட்டதாக இதைப் படித்தார்கள். நிதானமாகப் பார்த்தால் பட்டம் நேர்மாறாகவும் பேசும். கள்வர்களுக்கே கள்வன் என்றால், கள்வரை அடக்கியவன் என்றுதானே முதலில் தோன்றும்? முதலாம் பராந்தக சோழன் 'மதுரை கொண்ட' என்று போட்டுக்கொண்டதால் அவனை யாரும் மதுரைக்காரன் என்று சொல்வதில்லை.

மயிலை சீனி. வேங்கடசாமி களப்பிரரைப் பற்றித் தனி நூலே எழுதினார். சரவணபெளகொளாவைச் சூழ்ந்த களபப்பு நாட்டிலிருந்து வந்த கன்னடர்கள் என்பது அவர் கருத்து. பெரியபுராணத்து மூர்த்தி நாயனார் கதை இதற்குப் பக்கபலம். கருநாட வேந்தன் ஒருவன் படையோடு வந்து மதுரையைப் பிடிக்கிறான்; சமணம் சார்ந்த அவன், சிவனுக்குச் சந்தனம் கிடைக்காமல் தடுக்கிறான்; மூர்த்தி நாயனார் சந்தனக் கட்டைக்குப் பதில் தம் முழங்கையையே கல்லில் தேய்க்கிறார். வேந்தன் வாரிசின்றி இறக்க, யானை மூர்த்தியாரைத் தேர்ந்தெடுக்கிறது. உள்ளத்தைத் தைக்கும் கதை. ஆனால் சேக்கிழார் எழுதியது 12-ஆம் நூற்றாண்டில், களப்பிரர் வீழ்ந்து ஐந்நூறு ஆண்டுக்குப் பின்னர். அவர் களப்பிரர் என்று சொல்லவும் இல்லை. பெயர்ப் பொருத்தத்திலும் ஒரு சிக்கல் உண்டு. களபப்பு மலையை அங்குள்ள பழைய வடமொழிக் கல்வெட்டுகள் 'கடவப்ர' என்றே எழுதின. அதே சொல்தான் களப்பிரருக்கு மூலம் என்றால், செப்பேட்டுப் புலவர்கள் 'கடவப்ர' என்பதை ஏன் ஒரு முறைகூட எழுதவில்லை?

நான்காவது விடை மு. இராகவையங்காருடையது: களப்பாளர். இது எல்லாவற்றிலும் நெருக்கமாகத் தோன்றுவது, ஆகவே அதிகம் எச்சரிக்கை வேண்டியது. அறுபத்து மூவரில் ஒருவரான கூற்றுவ நாயனாரைக் களப்பாளர் என்பார்கள். அவர் களந்தை ஊரின் தலைவர். முடிவேந்தர் மூவரையும் வென்றார். தில்லை அந்தணரிடம் முடிசூட்டக் கேட்டபோது, சோழர் குலத்துக்கு மட்டுமே சூட்டுவோம் என்று அவர்கள் மறுத்துச் சேர நாட்டுக்குப் போய்விட்டார்கள் என்கிறது புராணம். மூவேந்தரையும் வென்ற, குலத்தால் வேந்தரல்லாத ஒருவர். வரலாறு களப்பிரரைப் பற்றிச் சொல்வதும் அதையேதான். ஆனால் இவர் சமணரல்ல, சிவனடியார். இன்னொரு பெயரையும் இங்கே நினைக்க வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் தந்த மெய்கண்டாரின் தந்தை, பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர். அச்சுதன் என்ற பெயரும் களப்பாளர் என்ற குடிப்பெயரும் ஒரே ஆளிடம்! புத்ததத்தரின் அச்சுதனுக்கு எண்ணூறு ஆண்டு கழித்து அதே இரட்டைப் பெயர். சிலிர்ப்பூட்டும் ஒற்றுமைதான். ஆனால் அந்த எண்ணூறு ஆண்டில் இரண்டையும் இணைக்கும் கண்ணிகள் இல்லை. ஒரு குடியில் பெயர் தங்குவது உண்டு. புகழ்பெற்ற பெயரைப் பின்வந்தவர்கள் எடுத்துக்கொள்வதும் உண்டு. இதில் எது நடந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடாது.

நூல்களை விட்டுக் கல்லுக்குப் போனால் கதை மாறுகிறது.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தில், பொன்னமராவதி போகும் பக்கம், பூலாங்குறிச்சி. அங்கே ஒரு குன்றின் பாறைச் சரிவில் மூன்று கல்வெட்டுகள். தமிழ் பிராமியிலிருந்து வட்டெழுத்து பிரிந்து வளையத் தொடங்கும் கட்டத்து எழுத்து. அரை நூற்றாண்டுக்கு முன் இது ஆய்வாளர் கண்ணில் பட்டபோது ஏற்பட்ட பரபரப்புக்குக் காரணம் எளிது: இருண்ட காலம் என்று எழுதி மூடிய அறைக்குள்ளிருந்து முதல் முறையாக ஒரு நேர்க்குரல் கேட்டது.

அரசன் பெயர் கோச்சேந்தன் கூற்றன். ஆண்டு 192. எந்த ஆண்டுக் கணக்கில் 192 என்று கல் சொல்லவில்லை. சக ஆண்டு என்று கொண்டால் கி.பி. 270. கலச்சூரி ஆண்டு என்று கொண்டால் 440-ஐ ஒட்டி வரும். எழுத்தமைதியோ ஐந்தாம் நூற்றாண்டுப் பக்கம் சாய்கிறது. ஓர் எண்ணை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதில் அரசனின் காலம் 170 ஆண்டு முன்னும் பின்னும் நகர்கிறது.

கல்வெட்டின் பொருள் இன்னும் முக்கியம். கடலகப் பெரும்படைத் தலைவன் எங்குமான் தேவகுலங்கள், அதாவது கோயில்கள், எடுப்பித்த செய்தி அதில் இருக்கிறது. ஒன்று அந்த மலையிலேயே. மற்றொன்று மதுரையில், உலவியத்தான் குளத்தருகே, தவசியர் பள்ளியோடு சேர்ந்த வாசிதேவனார் கோட்டம். வேதியருக்குக் கொடுத்த பிரம்மதாய நிலம் பேசப்படுகிறது. நிலத்தின் மேலாண்மை உரிமையான மீயாட்சி ஒருவருக்கு, உழும் உரிமையான காராண்கிழமை வேறொருவருக்கு என்று தனித்தனியாக வகுக்கப்படுகிறது. வேதியருக்குக் கொடுத்த ஊரைப் பறித்த கலியரசர்களின் காலம் என்று வேள்விக்குடி சொன்ன அந்தக் காலத்தில், பிரம்மதாயம் எழுத்தில் பதிந்து காக்கப்பட்டிருக்கிறது. கணக்கும் அதிகாரிகளும் நில உரிமைப் படிநிலைகளும் கொண்ட ஓர் அரசு நடந்திருக்கிறது.

இந்தக் கல்லில் களப்பிரர் என்ற சொல் எங்குமே கிடையாது.

சேந்தன் கூற்றனைக் களப்பிரன் என்று சொல்வது காலத்தை வைத்து அறிஞர்கள் செய்த முடிவு. அவன் தன்னை அப்படி அழைத்துக்கொள்ளவில்லை. கூற்றன் என்ற பெயரைக் கண்டதும் கூற்றுவ நாயனாரோடு சேர்த்தவர்கள் உண்டு. சேந்தன் என்ற பெயரையோ கடுங்கோனின் பேரனான பாண்டியனும் தாங்கியிருக்கிறான். ஒரே ஆளின் பெயரில் ஒரு பாதி அவனைக் களப்பிரர் பக்கம் இழுக்க, மறுபாதி அவர்களை ஒழித்ததாகச் சொல்லும் பாண்டியர் பக்கம் இழுக்கிறது. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு நடப்பவர் எந்த வாசலிலும் போய் நிற்கலாம்.

இப்போது பசுமலைக்கு வரலாம். மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் சாலையில், 1881-ல் அமெரிக்கன் கல்லூரி பிறந்த அந்தச் சிறு குன்றின் மேல் நின்றால், தெற்கே திருப்பரங்குன்றம், மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலை, அதற்கப்பால் நாகமலையின் நீண்ட முதுகு. இந்தச் சுற்றுவட்டாரம் ஒரு திறந்தவெளி ஆவணக்காப்பகம். முத்துப்பட்டியிலும் திருப்பரங்குன்றத்திலும் கொங்கர்புளியங்குளத்திலும் இரண்டாயிரம் ஆண்டு பழமையான தமிழ் பிராமி எழுத்துகள், துறவிகளின் கற்படுக்கைகளோடு. சமணர் மலையின் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் அழகிய தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள்.

அந்தச் சிற்பங்களைக் காட்டி இவை களப்பிரர் கால வேலை என்று சொல்பவர்களை அங்கே அடிக்கடி கேட்கலாம். களப்பிரர் சமணர், இதுவும் சமணம், ஆகவே இது களப்பிரருடையது என்ற கணக்கு. தவறான கணக்கு. அந்தச் சிற்பங்கள் 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பாண்டியர் சைவத்துக்குத் திரும்பி இருநூறு ஆண்டுக்குப் பின், பாண்டியர் ஆட்சியிலேயே, குறண்டித் திருக்காட்டாம்பள்ளி மாணாக்கர் போன்றோர் செய்வித்தவை. பிராமிக் கற்படுக்கைகளோ களப்பிரருக்கு முந்தியவை. அவர்களுக்குரிய காலம் இந்தக் குன்றுகளில் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு வெற்றிடமாகவே நிற்கிறது. ஐந்தாம் நூற்றாண்டு மதுரையைப் பற்றி வெளியிலிருந்து வரும் செய்தி ஒன்று உண்டு. வச்சிரநந்தி கி.பி. 470-ல் தென்மதுரையில் திராவிட சங்கம் என்ற சமணச் சங்கத்தை நிறுவினார் என்று தேவசேனரின் 'தரிசனசாரம்' சொல்கிறது. அந்த நூலும் 10-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டதுதான்.

மதுரைக்கு மறுபுறம், ஒத்தக்கடை அருகே, யானை படுத்திருப்பதுபோல் கிடக்கும் ஆனைமலைக்கும் ஒரு நடை போக வேண்டும். அங்கே நரசிங்கப் பெருமாளின் குடைவரைக் கோயில். அதை எடுப்பித்தவன் மாறங்காரி, கரவந்தபுரத்து வைத்தியர் குலத்தான், நெடுஞ்சடையனின் அமைச்சன். குடைவரையில் கலியாண்டு 3871 என்று வெட்டியிருக்கிறது, அது கி.பி. 770. திருமுழுக்குக்கு முன்பே அவன் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நிறைவேற்றினான். இந்த மாறங்காரிதான் வேள்விக்குடித் தானத்தை அரசன் ஆணைப்படி நிறைவேற்றியவன். ஒரே அதிகாரியின் பெயர் செப்பேட்டிலும் பாறையிலும் இருப்பதால், பாறையிலுள்ள ஆண்டைக் கொண்டு செப்பேட்டின் காலத்தை உறுதிசெய்ய முடிந்தது. முற்காலப் பாண்டியரின் காலவரிசைக்கு அச்சாணி அதுதான். இங்கும் பெயர்தான் சாட்சி. ஆனால் பெயர் தனியாக வரவில்லை. ஊர், குலம், பதவி, அரசன் என்று நான்கு துணைகளோடு வந்தது. மாறங்காரி விஷயத்தில் யாரும் ஐயுறுவதில்லை. களப்பிரர் விஷயத்தில் நூறாண்டாக ஐயுறுகிறோம். வேறுபாடு இவ்வளவே.

கலியரசர் என்று அவர்களைச் சொன்னவரும் இதே மாறங்காரியின் காலத்து அரசவைப் புலவர்தான். அவர் எழுதிக்கொண்டிருந்தது வரலாற்று நூலல்ல, ஒரு காணி உரிமைப் பத்திரம். பல நூறு ஆண்டு கையைவிட்டுப் போன ஊருக்கு உரிமை நிலைநாட்ட வேண்டுமானால், நடுவில் வைத்திருந்தவர் முறையற்றவர் என்று காட்டித்தான் ஆக வேண்டும். கலியரசன் என்ற சொல் வழக்கின் ஒரு தரப்பு வைத்த வாதம். அந்த ஒரு தரப்பு வாதத்தைக் கொண்டு முழு மூன்று நூற்றாண்டையும் 'இருண்ட காலம்' என்று பெயரிட்டது 20-ஆம் நூற்றாண்டு வரலாற்றெழுத்தின் பெரிய பிழை. வட்டெழுத்து உருப்பெற்றதும் அந்தக் காலத்தில்தான். நம் அற நூல்களில் பல தோன்றியதும் பெரும்பாலும் அந்தக் காலத்தை ஒட்டித்தான்.

இன்றைக்கு இந்தக் கேள்வி ஏட்டறைக்குள் மட்டும் இல்லை. கள்வர், முத்தரையர், களப்பாளர் என்ற பழம்பெயர்களோடு ஒலியொற்றுமை கொண்ட சமூகங்கள் மதுரையைச் சுற்றியும் தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கமும் வாழ்கின்றன. மூவேந்தரையும் வென்றவர்கள் எங்கள் முன்னோர் என்று சுவரொட்டி அடிக்கிறார்கள். அதை மறுத்து அடுத்தவர்கள் இன்னொன்று அடிக்கிறார்கள். தம் வேர் தெரிய வேண்டும் என்ற ஏக்கம் நியாயமானது. வரலாற்றில் இடமே தராமல் வைத்திருந்த மக்களுக்கு அந்த ஏக்கம் இன்னும் அதிகம் இருக்கும். ஆனால் ஒரு லட்சம் குடும்பம் ஒரே தலைமுறையில் பெயர் மாற்றிக்கொண்ட உலகம் இது. மூன்று எழுத்து ஒத்துப்போவதை வைத்து 1,500 ஆண்டுக்கு வம்சாவளி எழுதினால், அதை மறுப்பவருக்கும் அதே மூன்று எழுத்து ஆயுதமாகிவிடும்.

கையில் இருக்கும் சான்றுகளை நேராகப் படித்தால் கிடைக்கும் தீர்ப்பு இதுதான். களப்பிரர் என்ற பெயரில் ஓர் அரச குடி இருந்தது உறுதி, புத்ததத்தர் சாட்சி. அவர்கள் ஆட்சி பாண்டிய நாட்டைத் தொட்டது உறுதி, வேள்விக்குடி சாட்சி. கடுங்கோனுக்குப் பின்னும் அவர்கள் மறையவில்லை, சாளுக்கியர் சாட்சி. கள்வரோடும் முத்தரையரோடும் களபப்பு நாட்டோடும் களப்பாளரோடும் அவர்களுக்குச் சொல்லப்படும் உறவு இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. நாட்டாரைக் கொண்டு காட்டிப் பெற்றுக்கொள் என்று நெடுஞ்சடையன் நற்சிங்கனிடம் சொன்னானே, அப்படிப்பட்ட சான்று இந்த நான்கு தரப்பிலும் இன்னும் வரவில்லை.

வரக்கூடும். பூலாங்குறிச்சியின் மூன்றாவது கல்வெட்டு பெரிதும் சிதைந்து கிடக்கிறது. தேய்ந்த எழுத்தைப் பல கோணங்களில் ஒளி பாய்ச்சிப் படமெடுத்துப் படிக்கும் முறைகள் இன்று வந்துவிட்டன. திருப்பத்தூர், பொன்னமராவதி வட்டாரத்துக் குன்றுகளிலும் மதுரையைச் சுற்றிய பாறைகளிலும் கல்குவாரிகள் போக எஞ்சியவற்றில் இன்னும் படிக்காத வரி ஒன்று இருக்கலாம். மதுரை, சிவகங்கை மாவட்டத்துக் கல்லூரி மாணவர்கள் அந்தப் பாறைகளுக்குப் போக வேண்டும். தொல்லியல் துறை பூலாங்குறிச்சிப் பாறையை எழுத்தெழுத்தாகப் படமெடுத்து எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். சுவரொட்டிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு போதும்.